கருப்பு வெள்ளைப் படமும் கணிப்பொறிச் சாயலும்

நம் மாணவ நண்பர் பலர் கைப்பேசியில் ஒரு படத்தை எடுத்தவுடன் அதனைக் கருப்பு வெள்ளையாக்கி, அதன்மேல் ஒரு பழுப்புப் பூச்சையும் ஏற்றி, 'பழைய காலத்துப் படம்' என்று பிறருக்கு அனுப்பி மகிழ்கின்றனர். விரலால் ஒரு முறை தொட்டால் முடிந்துவிடும் வேலை. அதில் கேடொன்றும் இல்லை. ஆனால், அதே பூச்சு வீட்டுச் சுவரில் அறுபது எழுபது ஆண்டுகளாகத் தொங்கும் பாட்டனார் படத்தின்மேல் படியும்போது, அங்கே ஓர் இழப்பு நேர்கின்றது. அவ்விழப்பு யாது? அதனைத் தவிர்த்துக் கருப்பு வெள்ளைப் படத்திற்குரிய சாயலைக் கணிப்பொறியில் ஏற்றுவது எங்ஙனம்? இவ்விரண்டையுமே இக்கட்டுரையில் ஆராயப் புகுகின்றேன்.

நான் வாழ்வது ஆஸ்டின் டவுனில். கிட்டெல் நகர் என்றும் அதற்கு ஒரு பெயர் உண்டு. கன்னட மொழிக்கு 1894இல் பேரகராதி தந்த அறிஞரின் பெயர் அது. ஆயினும் ஆட்டோக்காரரிலிருந்து அஞ்சல்காரர் வரை எல்லோருக்கும் அஃது ஆஸ்டின் டவுனே. பழைய தண்டுப் பகுதியை அடுத்த இவ்விடத்தில், வடஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் வந்து நிலைத்த தமிழ்க் குடும்பங்கள் பல. அவர்கள் வீட்டுப் பெட்டிகளில் கருப்பு வெள்ளைப் படங்கள் ஏராளம். திருமணப் படம், பட்டாளத்து உடையில் நிற்கும் தாத்தா, கோப்பையை நடுவில் வைத்துக்கொண்டு இரண்டு வரிசையாய் அமர்ந்த கால்பந்துக் குழு, இப்படி. இவற்றை ஸ்கேன் செய்து செப்பனிட்டுத் தருவதை மூன்றாண்டுகளாக ஒரு பொழுதுபோக்காகச் செய்து வருகின்றேன். கூலி ஒரு குவளை காப்பி. கீழே கூறுவன பெரும்பாலும் அவ்வேலையின்போது எண்ணிப் பார்த்தவை.

முதற்கண் ஒரு தெளிவு வேண்டும். கடைக்காரர் 'டோனிங்' என்று சொல்வதனை நான் சாயலேற்றம் என்கின்றேன். இது படத்திற்கு வண்ணந்தீட்டுவது அன்று. புடவைக்குச் சிவப்பு, இலைக்குப் பச்சை என்று தனித்தனியே நிறம் கொடுப்பது வண்ணந்தீட்டல். பழைய ஸ்டூடியோக்களில் அதற்கெனத் தூரிகைக்காரர் இருந்தனர். சாயலேற்றத்திலோ, படம் முழுவதும் ஒரே நிற வரிசை. கருப்புக்கும் வெள்ளைக்கும் இடைப்பட்ட சாம்பல் படிகள் எல்லாம் பழுப்பாகவோ நீலமாகவோ சற்றே செம்மை கலந்த கருமையாகவோ மாறும். அவ்வளவே.

இக்கலை ஒளிப்படக்கலையளவு பழமை உடையது. 1839இல் ஒளிப்படம் உலகிற்கு அறிவிக்கப்பட்டது. 1842இல் ஜான் ஹெர்ஷல் இரும்பு உப்புகளைக்கொண்டு நீலப் படம் எடுக்கும் முறையைக் கண்டார். 1850இல் பிரான்சு நாட்டு பிளாங்கார் எவ்ரார் முட்டை வெண்கருவைத் தாளில் பூசிப் படமெடுத்தார். அத்தகைய தாளில் வெள்ளியால் உண்டாகும் படம் செங்கல் நிறமாக இருக்கும். அதனைத் தங்க உப்புக் கரைசலில் தோய்த்தால் ஊதா கலந்த பழுப்பு நிறம் பெறுவதோடு நிலைபேறும் பெறும்.

நம் ஊருக்கும் இவ்வரலாற்றில் இடமுண்டு. சென்னைப் படையைச் சேர்ந்த லின்னேயஸ் டிரைப் என்னும் ஆங்கிலேயர் பெங்களூர்த் தண்டில் இருந்தவர். 1854 டிசம்பரில் அவர் ஹளேபீடு, பேலூர்க் கோயில்களைப் படமெடுத்தார். 1855இல் சென்னைப் பொருட்காட்சியில் அவை பரிசு பெற்றன. பின்னர்ச் சென்னை அரசின் ஒளிப்படக்காரராகி, 1858இல் மதுரை, தஞ்சாவூர், திருவரங்கம் முதலிய இடங்களை எடுத்தார். கண்ணாடித் தகடும் மெழுகு ஏற்றிய தாளும் அவருக்கு எதிர்ப்படங்கள். பர்மாவில் எடுத்த படங்களில் வானம் வெறுமையாய் இருந்தமையால், எதிர்ப்படத்தின்மேல் தூரிகையால் மேகங்களைத் தீட்டினார். ஆகவே, 'கணிப்பொறி வந்துதான் படங்களில் பொய் புகுந்தது' என்று யாரேனும் கூறின் நம்பற்க!

பழுப்புச் சாயலுக்கு 'செபியா' என்று பெயர். அது கணவாய் மீனின் மையைக் குறிக்கும் சொல். ஓவியர் அம்மையைப் பயன்படுத்தினர். ஒளிப்படக்காரர் பெயரை மட்டும் எடுத்துக்கொண்டனர். இருட்டறையில் நடந்தது வேறு. வெள்ளித் துகளாலான படத்தைப் பொட்டாசியம் ஃபெர்ரிசயனைடும் பொட்டாசியம் புரோமைடும் கலந்த நீரில் இட்டால், படம் வெளிறி மறையும். வெள்ளி, வெள்ளி புரோமைடாகிவிடும். கழுவியபின் சோடியம் சல்பைடுக் கரைசலில் இட்டால், மறைந்த படம் பழுப்பு நிறத்தில் திரும்பி வரும். அழுகிய முட்டை நாற்றம் அறையை நிறைக்கும். இப்போது தாளில் இருப்பது வெள்ளியன்று, வெள்ளி சல்பைடு. வீட்டிலே துலக்காமல் விட்ட வெள்ளிக் குங்குமச் சிமிழ் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்தக் கறுப்பும் இதே பொருள்தான். காற்றிலுள்ள கந்தகம் வெள்ளியைத் தாக்கிக் கறுக்கச் செய்கின்றது. கந்தகத்தோடு முன்பே கூடிவிட்ட படத்தை அஃது இனி என்ன செய்யும்? எனவேதான் சாயலேற்றிய படங்கள் நெடுங்காலம் நின்றன. அழகு பின்னர், ஆயுள் முன்னர். செலீனியம் ஏற்றியதும் அதே நோக்கத்தால். அது நஞ்சு, கையுறையின்றித் தொடலாகாது. இரும்பு நீலம் ஒன்றுதான் பெரும்பாலும் அழகுக்காகவே செய்யப்பட்டது.

இங்கே நண்பர்கள் ஒன்றை உளங்கொள்ள வேண்டுகின்றேன். சாயல் ஏறியது வெள்ளியின்மேல், தாளின்மேல் அன்று. வெள்ளி இல்லாத இடம், அதாவது படத்தின் முழு வெண்மை, வெண்மையாகவே நின்றது. வெளிற்றும் நீர் முதலில் மெல்லிய ஒளிப்பகுதிகளைத் தாக்கும். அடர்ந்த நிழலைப் பின்னரே தாக்கும். தேர்ந்தவர்கள் பாதியிலேயே படத்தை எடுத்துவிடுவர். அப்போது நெற்றியும் சட்டையும் இளம்பழுப்பாக, கூந்தல் கருமையாகவே நிற்கும். செலீனியம் இதற்கு நேர்மாறு. நிழலில் தொடங்கி ஒளிப்பகுதிக்கு வரும். ஆக, உண்மைச் சாயல் என்பது படம் முழுவதும் ஒரே சீராகப் பூசிய வர்ணமன்று. அடர்த்திக்கு அடர்த்தி அது மாறும்.

இன்னொரு மயக்கத்தையும் போக்கிவிடுவோம். பழைய படம் மஞ்சள் பூத்திருந்தால், 'அந்தக் காலத்து டோனிங்' என்று பலர் எண்ணுகின்றனர். பெரும்பாலும் அது நோய். ஹைப்போ நீரைச் சரியாகக் கழுவாமையால் எஞ்சிய உப்பு, ஆண்டுக்கணக்கில் வெள்ளியைத் தின்று மஞ்சளாக்கியிருக்கும். தண்ணீர்ப் பஞ்சமும் வாடிக்கையாளர் அவசரமும் உள்ள ஊர்களில் ஸ்டூடியோக்காரர் ஒரு மணி நேரம் கழுவுவது எளிதன்று. ஆகையால் குற்றம் சொல்வதற்கில்லை. (அப்படங்களுள் சில உதகமண்டலத்து 'இந்து' தாளில் அச்சிட்டவையாக இருக்கலாம். 1960இல் நிறுவப்பட்டு, 1967இல் உற்பத்தி தொடங்கிய ஹிந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தந்த தாள் அது. இந்து என்றால் நிலவு. வெள்ளித் தாளுக்கு அதைவிட நல்ல பெயர் கிடைக்குமா? அத்தொழிற்சாலை இன்று ஓய்ந்துவிட்டது.)

இனிக் கணிப்பொறிக்கு வருவோம்.

படம் கருப்பு வெள்ளையே ஆயினும் வண்ண ஸ்கேனாகவே எடுக்க வேண்டும். இதனை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. வண்ண ஸ்கேனில் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று படங்கள் அடுக்காக உள்ளன. மஞ்சட்கறை நீல ஒளியை விழுங்கும், சிவப்பை விடுத்துவிடும். ஆகவே சிவப்பு அடுக்கை மட்டும் பார்த்தால், தேநீர் சிந்திய கறை போன்றவை ஏறக்குறைய மறைந்துபோகும். மங்கி மஞ்சளாகிப்போன முகமோ, நீல அடுக்கில்தான் தெளிவாக எழும். முதன்முறை பார்ப்பவர் வியப்பர். ஒரே படத்தில் கறையும் மங்கலும் இரண்டும் இருந்தால், எதை எவ்வளவு கொள்வது என்பது செய்பவரின் கண்ணைப் பொறுத்தது. கடையில் கருப்பு வெள்ளையாகவே ஸ்கேன் செய்து கொடுத்துவிட்டால், இந்த வாய்ப்பு அடியோடு போய்விடும்.

சிறு படங்களுக்கு ஓர் அங்குலத்திற்கு 600 புள்ளி போதும். 16 பிட் ஆழத்தில், டிஃப் கோப்பாகச் சேமிப்பது நன்று. 8 பிட்டில் ஓர் அடுக்கிற்கு 256 படிகள். 16 பிட்டில் 65,536. படிகள் குறைவாயிருக்கும்போது சாயலை இழுத்தால், ஸ்டூடியோத் திரையின் மென்மையான மங்கலில் வரிவரியாகப் பட்டைகள் தோன்றும். மடிப்புக் கலையாத வெள்ளை வேட்டியிலும் அப்படியே.

சாம்பல் நிறம் என்பது மூன்று அடுக்கும் சமமாயிருப்பது. நடுச் சாம்பலை 128, 128, 128 என்று குறிப்பர். இச்சமத்தைக் குலைப்பதே கணிப்பொறிச் சாயலேற்றம். எப்படிக் குலைப்பது என்பதில்தான் எல்லாம் இருக்கின்றது.

நிரல் எழுதுவோரிடையே பரவலாக வழங்கும் செபியாச் சூத்திரம் ஒன்று உண்டு. சாம்பல் படத்தில் அது செய்வது இதுதான்: சிவப்பை 1.351 மடங்காக்கும், பச்சையை 1.203 மடங்காக்கும், நீலத்தை 0.937 மடங்காகக் குறைக்கும். 128 என்ற நடுச்சாம்பல் 173, 154, 120 ஆகிவிடும். நம் கண்ணுக்குப் படும் ஒளியில் சிவப்பின் பங்கு சுமார் 30 விழுக்காடு, பச்சை 59, நீலம் 11. அக்கணக்கில் கூட்டிப் பாருங்கள்: 156 வரும். 128 ஆக இருந்த ஒளி 156 ஆகிவிட்டது! சாயல் மட்டும் ஏறவில்லை, படமே வெளுத்துவிட்டது. மேலும், 188ஐத் தாண்டிய எல்லாச் சாம்பலிலும் சிவப்பு 255இல் முட்டி நின்றுவிடும். முழு வெண்மை 255, 255, 239 என்று மஞ்சளாகும். இருட்டறையில் வெண்மையாகவே நின்ற தாள் இங்கே மஞ்சள் குளிக்கின்றது.

இஃது ஏட்டுக் கணக்கு என்று தள்ளிவிட வேண்டா. சென்ற ஆண்டு எங்கள் தெருவில் ஓர் அம்மையார், காலஞ்சென்ற தம் மாமியாரின் படத்தைக் கடையொன்றில் கொடுத்துப் பெரிதாக்கி வாங்கி வந்தார். நல்ல பழுப்பு, பொன்னிறச் சட்டம். நெடுநேரம் பார்த்துவிட்டு, "படம் நல்லாத்தான் இருக்குது தம்பி. ஆனா எங்க அத்தை இவ்ளோ வெளுப்பு இல்லியே. யாரோ மாதிரி இருக்காங்க" என்றார். நல்ல வேளை, மூலப்படம் அவர் கையில் இருந்தது. இரண்டையும் ஒரே ஸ்கேனரில் வைத்து அளந்து பார்த்தேன். மூலத்தில் கன்னம் 90. கடைப்படத்தில் 110க்குச் சற்று மேல். சூத்திரத்தில் 90ஐ இட்டால் 122, 108, 84 வருகின்றன, ஒளிப்பங்கு 110. யாரும் வேண்டுமென்று அம்மூதாட்டியை வெளுக்கவில்லை. எங்கோ எவரோ எழுதிய மூன்று பெருக்கல்கள் வெளுத்துவிட்டன. ஆனால், வேண்டுமென்றே வெளுப்பதும் நம் நாட்டில் உண்டு. எதிர்ப்படத்தில் பென்சில் தீற்றி முகத்தை வெளுக்க வைத்த ஸ்டூடியோ வழக்கம் யாவரும் அறிந்ததே. கருநிறத்தைக் குறையென்று எண்ணும் மனம் ஒரு பக்கம், கண்ணை மூடிக்கொண்டு பெருக்கும் கருவி ஒரு பக்கம். இரண்டுக்குமிடையே நம் முன்னோர் முகம் அகப்பட்டுக்கொண்டிருக்கின்றது. அதனாற்றான் இக்கணக்கை இவ்வளவு விரித்தேன்.

ஒளியைக் காத்துச் சாயலை மட்டும் ஏற்ற முடியாதா? முடியும். 128ஐ 140, 126, 108 ஆக்குக. கூட்டினால் 128தான் வரும். பழுப்பும் கிடைத்தது, ஒளியும் மாறவில்லை. 255ஐத் தொடாமல் விடுக. 20க்குக் கீழ்ப்பட்ட நிழலையும் தொடாமல் விடுக. இடைப்பட்டவற்றில் சாயல் மெல்லத் தோன்றி மெல்ல மறையட்டும். இருட்டறையில் வெளிற்றும் நீர் செய்ததும் ஏறக்குறைய இதுவே.

செயல்முறையில் இதற்கு 'கர்வ்ஸ்' என்னும் வளைவுக் கருவி போதும். ஜிம்ப் மென்பொருளில் அஃது இலவசம். (கலிபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்து மாணவர் இருவர் பாடவேலையாகத் தொடங்கி 1996இல் வெளியிட்டது ஜிம்ப். நம் பாடவேலைகள் என்ன ஆகின்றன என்பதை இங்கே பேசுவதற்கில்லை.) சிவப்பு வளைவின் இரு முனைகளையும் அசையாமல் வைத்து, நடுவைச் சற்றே தூக்குக; நீல வளைவின் நடுவைச் சற்றே தாழ்த்துக; பச்சையை ஓரிரு படி மட்டும் இறக்குக. செலீனியச் சாயல் வேண்டுமானால், நிழற்பகுதியில் மட்டும் பச்சையைக் குறைக்க, கருமையில் ஒரு செம்மை ஊறும். நிழலுக்குக் குளிர்ச்சியும் ஒளிக்கு வெம்மையும் தரும் இரட்டைச் சாயலும் இவ்வழியே வரும். எது செய்யினும், மூலத்தின் மேல் ஒரு நகல் அடுக்கில் செய்து, அவ்வடுக்கின் கலப்பு முறையை 'நிறம் மட்டும்' என்று வைத்துவிட்டால், ஒளி தானே காக்கப்படும். 'கிரேடியன்ட் மேப்' என்பதும் நல்ல கருவி. ஆனால் ஆயத்தமாகக் கிடைக்கும் வரிசைகளை எடுத்துப் போடாமல், மேற்சொன்ன எண்களைக்கொண்டு நாமே அமைக்க வேண்டும்.

சாயலேற்றுவதற்கு முன்னர், படத்திலுள்ள கருமை எப்படி வந்தது என்பதையும் அறிதல் நலம். 1873இல் ஃபோகல் என்னும் செருமானியர் பச்சை நிறத்தையும் உணரும் தகட்டுக்கு வழிகண்டார். அத்தகடும் சிவப்பை உணராது. அதனால்தான் சிவப்பு விளக்கின்கீழ் அதனைக் கழுவ முடிந்தது. எல்லா நிறமும் உணரும் தகடு பின்னர் வந்தும், ஸ்டூடியோக்கள் பழையதை எளிதில் விடவில்லை. அத்தகட்டில் குங்குமம் கரும்பொட்டாகும். அரக்குக் கூறைப்புடவை கருநிறப் புடவையாகும். செம்மை கலந்த பழுப்பு மேனி உள்ளதைவிடக் கறுப்பாகும். ஆகவே, மூலப்படம் உண்மை முழுவதையும் சொல்கின்றது என்றும் நான் வாதிடவில்லை. வீட்டார், 'இவர் இதைவிட நிறமாக இருப்பார்' என்றால், அவர் நினைவைக் கேட்டு வளைவைச் சற்றுத் தூக்குவதில் தவறில்லை. கண்டவர் சொல்லி மாற்றுவது வேறு. காணாத கருவி மாற்றுவது வேறு.

இதனாலேயே, இக்காலத்துச் செயற்கை நுண்ணறிவு கொண்டு படத்திற்கு முழு வண்ணம் கொடுக்கும் செயலிகளை நான் ஐயத்தோடு நோக்குகின்றேன். கறுப்பாய்த் தெரியும் புடவை அரக்கா, மயில் நீலமா, உண்மைக் கறுப்பா? செயலிக்குத் தெரியாது, தெரியாது என்று சொல்லவும் அதற்கு வாய் இல்லை. ஏதோ ஒரு நீலத்தைப் பூசிவிடும். இரண்டு தலைமுறை சென்றால், அந்த நீலமே கொள்ளுப்பாட்டியின் மணப்புடவை ஆகிவிடும். சாயலேற்றம் அத்தகைய செய்தி எதையும் கட்டிச் சொல்வதில்லை.

எப்படத்திற்கு எச்சாயல்? என் விருப்பத்தைச் சொல்கின்றேன், விதியன்று. மனிதர் முகத்திற்கு மிக இலேசான வெம்மை. கல்லும் கோபுரமும் செலீனியச் செங்கருமையில் திண்மை பெறும். நீலம் மழைநாளுக்கும் ஏரிக்கும் பொருந்தும். அல்சூர் ஏரியை நீலத்தில் கண்டால் உள்ளம் குளிரும். மணமக்களை நீலத்தில் கண்டால் சுரம் வந்தவர் போலிருக்கும். கால்பந்துக் குழுப் படங்களுக்குச் சாயலே வேண்டா. வெள்ளைச் சட்டைகளும் வெயிலில் கருகிய கால்களும் தூய கருப்பு வெள்ளையில் பளிச்சென்று நிற்கின்றன. பழுப்பு அவ்விளைஞரை முதியவராக்கிவிடுகின்றது.

கோப்புகளைப் பற்றி ஒரு சொல். தொடாத வண்ண ஸ்கேன் ஒன்று; கறை நீக்கிய கருப்பு வெள்ளை ஒன்று; சாயலேற்றியது ஒன்று. மூன்றும் தனித்தனிப் பெயரில் இருக்கட்டும். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார், பிரிட்டிஷ் நூலகத்தின் உதவியோடு தமிழகத்துப் பழைய ஸ்டூடியோப் படங்களைத் தேடிக் கணிப்பொறிப் படியாக்கியிருக்கின்றனர். ஆவணக்காரர் வழக்கம் எங்கும் ஒன்றே: முதற்படியில் கை வைப்பதில்லை. கைப்பேசியில் வாங்கி அனுப்பும்போது படம் சுருங்கிவிடும் என்பதனையும் மறவாதீர்.

அச்சுக்குக் கொடுக்கும்போது, பெரும்பாலான கடைகளில் வண்ணத் தாளே உண்டு. அதில் தூய சாம்பலை அச்சிட்டால் பச்சையோ செம்மையோ ஓரம் தட்டும். இலேசான சாயல் ஏற்றிய படத்தில் அக்குறை தெரியாமற் போகும். சாம்பல் மைகள் பல கொண்ட அச்சுப்பொறி கிடைத்தால் இன்னும் நலம். முதலில் ஒரு சிறு துண்டை மட்டும் அச்சிட்டு, கடை விளக்கில் அன்றி வெளியே பகல் வெளிச்சத்தில் மூலப்படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். கன்னத்தையும் கூந்தலையும் ஒப்பிட்டு, இன்னும் ஓரிரு படி இறக்கவோ ஏற்றவோ வேண்டியிருக்கலாம். பிறகு முழு அளவில் அச்சிட்டு, பின்புறத்தில் மென்பென்சிலால் பெயரும் ஆண்டும் எழுதி, மூலப்படத்தை ஒரு தாளுறையில் இட்டு வீட்டாரிடமே திருப்பிக் கொடுத்துவிடுகின்றேன்.